இரண்டாவது பொட்டலம்

மலைச்சரிவில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலையின் காம்பை இழுத்து அறுப்பார். இன்னொருவர் சரிவில் கீழே நின்று, விழுகிற குலைகளை வாரி ஒதுக்குவார். கடைசி இழுப்புக்கு முன்னால் வெட்டுகிறவர் "போகுது" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டதும் கீழே நிற்பவர் வலது பக்கமாக நகர்ந்துவிட வேண்டும். அண்ணாந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்ணில் தூசியும் சிலாம்பும் கொட்டும். கண்ணைத் துடைப்பதற்குள் முள் நிறைந்த அந்தப் பாரம் உருண்டு வந்து காலை முறித்துவிடும்.

குணாளன் கல்மலைத் தோட்டத்தில் கீழே நின்றவர். மேலே வெட்டியவர் வசந்தன். இருவருக்கும் மீசை அரும்பிய காலத்தில் தொடங்கிய கூட்டு அது. இப்போது இருவர் தலையும் நரைத்துவிட்டது. இத்தனை வருடத்தில் குணாளன் ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. வசந்தன் குரல் கொடுத்தால் நகர்வார். அவ்வளவுதான். மற்ற கூட்டுக்காரர்கள் கால் முறிந்து குளுவாங் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்ததுண்டு. குணாளனுக்கு ஒரு நகம் பெயர்ந்ததில்லை.

கல்மலை, சிம்பாங் ரெங்கம் என்ற சிறு ஊரிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையின் கடைசியில் இருக்கிறது. காடாக இருந்ததை ரப்பருக்காகத் திருத்த வந்தவர்களில் குணாளனின் கொள்ளுத் தாத்தாவும் அவருடைய தம்பியும் உண்டு. அடைமழைக் காலத்தில் சாய்ந்த மரம் ஒன்று தம்பியின் மேல் விழுந்தது. பாதையெல்லாம் சேறு. உடலைக் கீழே கொண்டுபோக வழியில்லாமல் ஓடைக்கரையிலேயே புதைத்து, ஒரு கல்லை நட்டு வைத்தார் அண்ணன். அடுத்த வருடம் அந்தக் கல்லுக்குச் சூலம் வந்தது. பிறகு தகரக் கூரை வந்தது. கல் முனியாண்டி அய்யா ஆனது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் அய்யா அங்கேயே இருந்தார். காலையில் மலையேறுகிறவர்கள் அவரைக் கும்பிடாமல் அரிவாளைத் தொடுவதில்லை. விளக்கேற்றுவது மட்டும் குணாளன் குடும்பத்தின் பொறுப்பு.

இப்போது செம்பனையும் போகப் போகிறது. மலையை டுரியான் பழத்தோட்டக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மீதமிருந்த சில குடும்பங்களுக்கு ரெங்கத்தில் ஃபிளாட் வீடு என்று பேச்சு. புதிய பாதை அய்யாவின் இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "சாமி விஷயம். பிறகு போலீசு, பேப்பர் என்று பிரச்சினை வேண்டாம். நீங்களே ஒருமனதாக எடுத்து வையுங்கள். அன்றைக்கே எல்லாருக்கும் வீட்டுச் சாவி" என்றார்.

ஒருமனது என்றால் குணாளனின் மனது. அது எல்லாருக்கும் தெரியும்.

அன்று வெட்டு முடிந்து இருவரும் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தன் சிகரெட்டைப் பற்ற வைத்துவிட்டு இழுக்காமலே வைத்திருந்தார்.

"நேத்து மழையில பாதை சரிஞ்சிருச்சு குணா. ஆஸ்பத்திரி வேன் மேல வரல. பிரேமலாவ மோட்டார்ல உக்கார வச்சு, சாரோங்கால என் முதுகோட கட்டிக் கொண்டுபோனேன்."

பிரேமலா வசந்தனின் மனைவி. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் குளுவாங்கில் மெஷினில் இரத்தம் கழுவிக்கொள்கிறவள்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார் குணாளன்.

"நீ வந்து ரோட்டைத் தூக்கிப் பிடிப்பியா? கேளு. அடுத்த மழைக்கு அவள ஏத்தி இறக்க என்னால முடியாது. நீ ஒரு வார்த்தை சரின்னு சொல்லு. மத்தவங்க உன் வாயத்தான் பாக்குறாங்க."

பிரேமலாவைக் குணாளன் தங்கையாகத்தான் நினைத்தார். அதே சமயம் ஓடைக்கரையில் தனியாகப் படுத்திருக்கிறவரையும் நினைத்தார்.

"நான் யாரு வசந்தா சரின்னு சொல்ல? அய்யாவக் கேளு. பூ கட்டிப் பாப்போம். அவரு போலாம்னு சொன்னா நானே என் தோள்ல தூக்கிட்டு வரேன்."

"அவரு வேணாம்னுட்டா?"

"வேணாம்னா வேணாம்தான். பிரேமலாவுக்கு வேற வழி காட்டுவாரு."

வசந்தன் சிகரெட்டைப் பாறையில் நசுக்கினார். கொஞ்ச நேரம் ஓடையையே பார்த்தார். பிறகு, "சரி. வெள்ளிக்கிழமை கேட்டுருவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை லயத்து ஆட்கள் எல்லாரும் அய்யாவின் முன்னால் கூடினார்கள். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செம்பருத்தி. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டி, பார்க்க ஒன்றுபோல இருக்கும்படி அய்யாவின் காலடியில் வைக்க வேண்டும். வெள்ளை வந்தால் அய்யா புறப்படச் சம்மதிக்கிறார். சிவப்பு வந்தால் இங்கேயேதான் இருப்பார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. அய்யா ஒதுக்கிய வாக்கை மனிதன் எட்டிப் பார்ப்பது மரியாதை அல்ல. கட்டியவரே அதை அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும்.

பொட்டலங்களைக் கட்டுகிறேன் என்று வசந்தன்தான் முன்வந்தார். பூக்களை வாங்கிக்கொண்டு கோயிலின் பின்பக்கம் போனார்.

"பூ எடுக்கப் பிள்ளை வேணுமே" என்றாள் அங்கம்மா. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்கிறவள். வாய் மட்டும் ஓயாது. "லயத்துல கடைசியாப் பொறந்த பிள்ளைக்கு இப்பக் கார் லைசென்ஸ் இருக்கு. அதுவும் செனாய்ல ஃபேக்டரியில நிக்குது."

"நீ எடேன் அங்கம்மா" என்றார் ஒருவர்.

"நானா? என் கை பட்டா அய்யா சுருட்டு கேப்பாரு லா. நமக்கு ஆகாது."

சிரிப்புக்கு நடுவே வசந்தன் பொட்டலங்களோடு வந்தார். "குணாளன் எடுக்கட்டும்" என்றார். "இந்த மலையில கள்ளம் தெரியாத ஆளு வேற யாரு இருக்கா?"

எல்லாரும் ஆமோதித்தார்கள். குணாளனுக்குக் கூச்சமாக இருந்தது. குளித்த ஈரம் காயாத உடம்போடு முன்னால் போய், கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் பேசினார். தாத்தா, எனக்கு எதுவும் தெரியாது, உனக்கு எது நல்லதோ அதை என் கையில் வை. கையை நீட்டி விரலில் பட்டதை எடுத்தார்.

வசந்தன் நாரை அவிழ்த்தார். இலைக்குள் நந்தியாவட்டைப் பூ பால்போல இருந்தது.

அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குணாளன் அழுதார். ஆனால் அந்த அழுகையில் ஓர் ஆறுதலும் இருந்தது. இத்தனை நாளாக அவர் சுமந்த பாரத்தை அய்யா தாமே வாங்கிக்கொண்டாரே என்ற ஆறுதல் அது. மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வசந்தன் ஓடைக்குப் போனதை அவர் கவனிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குணாளனே கடப்பாறை பிடித்தார். கல், நினைத்ததைவிட ஆழமாகப் போயிருந்தது. ஒரு வேர் அதைச் சுற்றி இறுகிப் பிடித்திருந்தது. "மன்னிச்சிரு தாத்தா, நீ சொல்லித்தான் செய்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வேரை வெட்டினார். அடியில் இருந்த மண்ணில் ஒரு பிடியைத் துண்டில் முடிந்துகொண்டார். லாரி வரைக்கும் கல்லைச் சுமந்தது அவர் தோள்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ரெங்கத்தில் ஒரு கோயிலின் பின்புறம், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் அய்யாவுக்கு ஓர் ஓரம் கிடைத்தது. பெரிய சாமிகளுக்கு நடுவே இடம் கிடைக்காத ஏழை உறவினரைப்போல அவர் அங்கே நின்றார். குணாளனுக்கு மனம் கனத்தது. அய்யாவே விரும்பி வந்த இடம் அல்லவா, நாம் யார் குறை சொல்ல என்று தேற்றிக்கொண்டார். அன்றே சாவிகள் வந்தன. வசந்தன் அன்று மாலையே குடிபோனார். குணாளனுக்கும் ஒரு சாவி கிடைத்தது. மாதம் முடியும் வரைக்கும் ஓடையில் தண்ணீர்க் குழாயின் வாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் கேட்டிருந்ததால் அவர் லயத்திலேயே தங்கினார். அங்கம்மாவும் மூட்டை கட்டி முடிக்காமல் இருந்தாள்.

மறுநாள் காலை அங்கம்மா கத்தினாள். "குணா, குழாயில காத்துதான் வருது. காத்துல எப்படி மூஞ்சி கழுவுறது?"

மழை பெய்தால் இது வழக்கம்தான். ஓடையில் சின்ன அணை மாதிரி கட்டி, குழாயின் வாயில் கம்பி வலை போட்டிருக்கும். இலையும் சருகும் வந்து வலையை அடைத்துவிடும். அதைத் துப்புரவு செய்வது குணாளனின் வேலை. வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் சருகை அள்ளிப் போட்டார். மூன்றாவது முறை அள்ளியபோது கையில் ஒரு பொட்டலம் வந்தது. வாழையிலை, நார்க்கட்டு. பார்த்ததும் தெரிந்தது. மரியாதையாக அதை அணைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடத்தான் கையை உயர்த்தினார். இலை கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக ஒரு பூ எட்டிப் பார்த்தது.

வெள்ளைப் பூ.

முதலில் அவர் மனதுக்குள் வசந்தனுக்காகத்தான் வாதாடினார். ஓடைக்கரையில் எத்தனையோ செடிகள், எங்கேயாவது உதிர்ந்த பூ உள்ளே புகுந்திருக்கும். பிரிக்கக் கூடாததைப் பிரிக்கிறோமே என்று உடம்பு கூசியது. ஆனாலும் நாரை அவிழ்த்தார். ஓரம் பழுப்பேறிய நந்தியாவட்டைப் பூக்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. செம்பருத்தியின் ஓர் இதழ்கூட இல்லை.

எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும்.

தண்ணீருக்குள்ளேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார். அய்யா தம்மிடம் பேசினார் என்று அவர் அழுதாரே, அந்த நேரம் அய்யா வாயே திறக்கவில்லை. பேசியது வசந்தன். கடப்பாறையும் வெட்டிய வேரும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மலையில் தனியாகக் கிடந்தவரின் தலைமாட்டுக் கல்லைப் பிடுங்கி, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தது இந்தக் கைதான். யாரும் சொல்லாமல், யாரும் சம்மதிக்காமல்.

"தண்ணி வந்திருச்சு குணா" என்று கீழே லயத்திலிருந்து அங்கம்மாவின் குரல் கேட்டது.

மத்தியானம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரெங்கத்துக்குப் போனார். பொட்டலம் சட்டைப்பையில் ஈரமாக இருந்தது. வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போனார். இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தது பிரேமலா.

"வாங்கண்ணே. அவரு கடைக்குப் போயிருக்காரு, வந்துருவாரு. உக்காருங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள். கையில் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. ஒரு பெரிய கண்ணாடிக் கிளாஸ் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்கு?"

"எனக்கு ஏதுண்ணே. ஒரு நாளைக்கே ஒரு போத்தல் தண்ணிதான் கணக்கு. காலையிலயே பாதி போயிருச்சு. நீங்க குடிங்க, நான் பாக்குறேன். பாத்தாலே தொண்டை நனையும்." சிரித்தாள்.

குணாளன் கிளாஸைக் கையில் எடுத்தார். உதட்டில் வைக்க முடியவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். இங்க வரணும்னு எனக்கு ஆசை. ஆனா என்னாலதான் அய்யா எடம் மாறணுமான்னு பயந்துட்டே இருந்தேன். ரத்தம் கழுவுற மெஷினுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, என் உசிருக்காக ஒரு சாமிய எழுப்பணுமான்னு நெனைப்பேன். நீங்க எடுத்த பூ வெள்ளைன்னு அவரு வந்து சொன்னப்பதான் நிம்மதியாத் தூங்கினேன். அய்யாவே சரின்னாரில்லண்ணே?"

அந்தக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சட்டைப்பையின் ஈரம் நெஞ்சில் பட்டது.

"ஆமாம்மா" என்றார் குணாளன். "அய்யாதான் சொன்னாரு."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அது பொய்தான். வாழ்நாளில் அய்யாவின் பெயரால் அவர் சொன்ன முதல் பொய். பொய்யைப் புண்ணியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் தான் குடிக்க முடியாத தண்ணீரை இன்னொருவருக்குக் கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்து, அவர் குடிப்பதைப் பார்த்து மகிழ்கிற ஒரு மனுஷியின் தூக்கத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

படியில் இறங்கும்போது வசந்தன் பைகளோடு ஏறி வந்தார். "அட, குணா! ஏன் அதுக்குள்ள..." என்று தொடங்கியவர், குணாளனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். குணாளன் பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் விரித்துக் காட்டினார்.

"வலைய மறந்துட்டே வசந்தா."

வசந்தன் பைகளைப் படியில் வைத்தார். ஒரு பையிலிருந்து வெங்காயம் உருண்டு கீழ்ப்படிக்குப் போனது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் குணா. பாறையில உக்காந்து சொன்னேன். நீ அய்யாவக் கேளுன்னே. அய்யா வேணாம்னுட்டா? நீ மலையிலேயே இருப்பே, உன்னைப் பாத்து எல்லாரும் இருப்பாங்க. அவ சேத்துல கெடந்து சாவா. ரெண்டுல ஒண்ணு சிவப்பு. அதை வச்சு என் பொண்டாட்டிய நான் எப்படிக் கீழ போடுவேன்?"

"அதுக்கு என் கைதான் கெடைச்சுதா?"

வசந்தன் தலையைக் குனிந்துகொண்டார். "உன் கை எடுத்தாத்தானே நீ நம்புவே."

குணாளன் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"நீ போகுதுன்னு சொன்னா, ஒருநாளும் நான் அண்ணாந்து பாத்ததில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் செஞ்சே."

மேல்மாடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "யாருங்க, அண்ணனா? இன்னும் போகலையா?" என்று பிரேமலாவின் குரல்.

வசந்தன் சட்டென்று குணாளனின் கையைப் பிடித்தார். "அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொல்லவும் மாட்டேன்." குணாளன் கையை விடுவித்துக்கொண்டார். "அய்யாதான் சொன்னாருன்னு சொல்லிட்டுத்தான் வரேன். உன்கூடக் கூட்டு வெட்டினவன்தானே, அவ்வளவாவது தெரியாதா?" பிறகு மேலே பார்த்து, "போறேம்மா" என்று குரல் கொடுத்தார். வசந்தனிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. கீழ்ப்படியில் கிடந்த வெங்காயத்தை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு நடந்தார்.

மாலை வெயில் சரியும்போது மலைக்கு வந்து சேர்ந்தார். அய்யா இருந்த இடத்தில் ஒரு குழி. வெட்டிய வேரின் முனையில் இன்னும் பால் கசிந்துகொண்டிருந்தது. துண்டில் முடிந்திருந்த ஒரு பிடி மண்ணைக் குழியிலேயே திரும்பப் போட்டார். பிறகு அங்கம்மா வீட்டு வாசலில் நந்தியாவட்டையும், வேலியில் செம்பருத்தியும் பறித்து வந்தார். தம் கையாலேயே இரண்டு பொட்டலம் கட்டினார். இந்த முறை ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. குழியின் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, இடம் மாற்றி மாற்றி வைத்தார். தமக்கே எது எது என்று தெரியாமல் போனது.

இப்போது உண்மையாகக் கேட்கலாம். தாத்தா, நீ என்ன சொல்கிறாய்?

கையை நீட்டினார். விரல் நார்க்கட்டைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

சிவப்பு வந்துவிட்டால் கல்லை மறுபடி மலையேற்ற வேண்டும். எல்லாருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். சாவிகள் திரும்பிப் போகும். அடைமழையில் பிரேமலா ஒரு சாரோங்குக்குள் கட்டுண்டு இந்தப் பாதையில் இறங்க வேண்டும். அய்யாவின் வாக்கு இந்த இலைக்குள் இருக்கிறது. எடுத்துவிட்டால் கேட்காதவர்போல இருக்க குணாளனால் முடியாது.

விரல் பின்வாங்கியது.

கோயிலின் பின்பக்கம், செம்பருத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வசந்தன் எப்படி நின்றிருப்பான் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததால் வலி குறையவில்லை. அவன் பயந்தது சரி. பயந்ததைச் சொல்லிவிட்டு இவர் தோளில் சாய்ந்து அழுதிருந்தால், அய்யாவைக் கேட்காமலே கல்லைத் தூக்கியிருப்பார். அந்த வாய்ப்பை வசந்தன் அவருக்குக் கொடுக்கவில்லை. அய்யாவை ஏமாற்றியதைவிட அதுதான் அவருக்கு ஆறவில்லை.

இரண்டு பொட்டலங்களையும் பிரிக்காமல் ஓடையில் விட்டார். அவை சுழன்று, பாறையில் முட்டி, குழாய் வாயைப் பார்த்துப் போயின. குணாளன் கரையோரமாகவே நடந்து, அணையில் இறங்கி, வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயின் வாயைக் காலால் அடைத்தார். பொட்டலங்கள் அணையின் விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தன. அவை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.